இத்தாலி புலியா கடற்கரையில் சைக்கிள் டூர்: கைடு தேவையா? சைவச் சாப்பாடு கிடைக்குமா?

திருவான்மியூர்_டபுள்ஸ் கேட்டது:

வணக்கம். நானும் மனைவியும் அடுத்த வருடம் இத்தாலியில் சைக்கிளில் சுற்றலாம் என்றிருக்கிறோம். நாட்டின் குதிகால் பக்கம், புலியா பகுதி. பாரியில் கிளம்பி மொனோபொலி, ஒஸ்தூனி, லெச்சே, ஓத்ரந்தோ என்று கடலோரமாகவே இறங்கி, நிலம் முடிகிற லெயூகா முனையில் முடிகிற ரூட். கூடவே ஓட்டி வரும் கைடு, பெட்டிகளுக்கு வேன், ஒயின் தோட்டங்கள், ஒரு நாள் பாஸ்தா சமையல் என்று எல்லாம் சேர்த்து ஒரு கம்பெனி ஆளுக்கு 3,000 யூரோவுக்கு மேல் சொல்கிறது. அதே ரூட்டுக்கு மேப்பை மட்டும் கையில் கொடுத்து, பெட்டியை ஹோட்டல் ஹோட்டலாக நகர்த்தித் தருவதற்கு இன்னொரு கம்பெனி கேட்பது அதில் பாதிக்கும் கீழே.

எனக்கு 56, அவளுக்கு 52. ஞாயிறு தவறாமல் ஈசிஆரில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்புகிறோம். தட்டை ரோட்டில் தூரம் பிரச்சினை இல்லை, ஏற்றம் பழக்கமில்லை. அவள் சுத்த சைவம், முட்டையும் கிடையாது, மதுவும் கிடையாது. நான் மீன் சாப்பிடுவேன், ஒயின் பிடிக்கும். உண்மையில் எனக்கு இந்த டூரில் ஆசை வந்ததே ஒயினால்தான். ஆனால் அவள் ஒரு வாரம் ரொட்டியும் தக்காளியும் தின்றுகொண்டு என் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் நிலை வந்தால் போகவே வேண்டாம்.

கைடுக்கு இவ்வளவு பணம் தகுமா? எந்த மாதம்? ஒயின் குடித்துவிட்டு எப்படி ஓட்டுகிறார்கள்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கோவை_கியர்:

ஏனுங்க, நல்ல ரூட்டாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். செப்டம்பர் கடைசியில் நானும் வீட்டுக்காரரும் கைடோடு அந்தப் பக்கம் போய் வந்தோம். எங்கள் வீடு உங்களுக்கு நேர் எதிர். நான் சைவம், ஒயின் குடிப்பேன். அவர் கோழி மீன் எல்லாம் சாப்பிடுவார், ஒயினைத் தொடமாட்டார். அதனால் உங்கள் இரண்டு பேருக்கும் என்னால் பதில் சொல்ல முடியும்.

வழி காட்டுவதற்கு என்றால் கைடு வேண்டாம், அதைப் போன் செய்துவிடும். அந்தப் பணம் கதவு திறப்பதற்கு. கடலோரத்தில் நீங்களே எங்கு வேண்டுமானாலும் போகலாம், ஒரு தடையும் இல்லை. ஒயின் உள்ளே இருக்கிறது, சின்னத் தோட்டங்களில், பண்ணை வீடுகளில். அறுவடை நேரத்தில் அவர்கள் வெளியாளைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். எங்கள் கைடு ப்ரிந்திசிப் பக்கத்துப் பெண். சாலிச்சே சலந்தீனோ ஊரைத் தாண்டி ஒரு மண் பாதையில் திருப்பி, வயதான ஒரு விவசாயியின் தோட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். கொடிக்குக் கம்பியும் இல்லை, பந்தலும் இல்லை. இடுப்பளவு உயரத்தில் தனித்தனிச் செடியாக நிற்கிறது. அங்கே இது பழைய முறை. தண்ணீரும் பாய்ச்சுவதில்லை, வேர் தானே ஆழம் போய்த் தேடிக்கொள்கிறது. அவர் நெக்ரோஅமாரோ என்ற கருந்திராட்சைப் பழத்தைக் குனிந்து குனிந்து அறுத்துக்கொண்டிருந்தார். என் கையிலும் ஒரு கத்தரியைக் கொடுத்தார். சிறிது நேரத்திலேயே இடுப்பு போய்விட்டது. இந்த விளையாட்டுக்கு என்ன விலை வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

ப்ரிமிதீவோ என்று இன்னொரு ரகம் இருக்கிறது, அது சீக்கிரம் பழுக்கும், ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கத்திலேயே அறுத்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் ஸின்ஃபாண்டெல் என்று விற்பதும் மரபணுப்படி இதே ரகம்தான், இரண்டுக்கும் மூலம் கடலுக்கு அந்தப் பக்கம் குரோஷியாவில். வெயில் நாடு, சர்க்கரை ஏறிய பழம், அதனால் ஒயினில் ஆல்கஹால் 14, 15 சதவீதம் வரை ஏறும். மதியம் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு சீட்டில் ஏறினால் கால் சொன்ன பேச்சைக் கேட்காது.

அதனால் புக் செய்யும்போது முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: ஒயின் சுவைப்பது அன்றைய ஓட்டம் முடிந்த பிறகா, நடுவிலா? நடுவில் என்றால் வேன் ஏற்றிக்கொண்டு போகுமா? எங்கள் கைடு சைக்கிளை வேனில் ஏற்றிய பிறகுதான் பாட்டிலைத் திறக்க விட்டாள். இத்தாலியில் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்ற வரம்பு சைக்கிள்காரனுக்கும் உண்டு. சைக்கிள்தானே என்று யாரும் விடமாட்டார்கள்.

பாட்டிலை விட எனக்குப் பிடித்தது கூட்டுறவு ஒயின் கூடங்கள். ஊர்க்காரர்கள் காரில் பெரிய கண்ணாடிக் குடுவையோடு வந்து இறங்குவார்கள். பெட்ரோல் பங்க் மாதிரியே ஒரு குழாய், மீட்டர், லிட்டர் கணக்கு. நிரப்பிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கிறார்கள். ரொம்ப காலம் இந்த ஊர் ஒயின் பெயரில்லாமல்தான் போயிருக்கிறது. டேங்க் டேங்காகக் கப்பலிலும் ரயிலிலும் வட இத்தாலிக்கும் பிரான்சுக்கும் அனுப்பி, அங்கே வலுவில்லாத ஒயினில் கலந்துவிடுவார்கள். லேபிள் ஒட்டி விற்க ஆரம்பித்ததெல்லாம் பிறகு. நீங்கள் மீன் சாப்பிடுவீர்கள் என்பதால் நெக்ரோஅமாரோவில் செய்யும் ரோஸ் நிற ஒயினை விட்டுவிடாதீர்கள். சலெந்தோ, அதாவது லெச்சேயைச் சுற்றிய தென்பகுதி ஆட்களுக்கு அதில்தான் பெருமை. சாலிச்சேயிலேயே 1943-ல் அமெரிக்கப் படை கேட்டதற்காகப் பாட்டிலில் அடைத்துக் கொடுத்ததாக ஃபைவ் ரோசஸ் என்ற ஒன்றைப் பற்றிச் சொல்வார்கள்.

ஏற்றம் பற்றி. பாரியிலிருந்து மொனோபொலி, சவெல்லெத்ரி வரை உங்கள் ஈசிஆர் கால் போதும். நான்கு வழிச்சாலை, எண் 16, அதில் கால் வைக்கவே கூடாது. பக்கத்தில் பழைய சாலையும் கல் சுவர்களுக்கு நடுவில் போகும் சின்னத் தெருக்களும் இருக்கின்றன. சாந்து இல்லாமல் அடுக்கிய சுவர்கள் அவை. அந்தக் கலையையே யுனெஸ்கோ 2018-ல் பட்டியலில் சேர்த்தது. ஒஸ்தூனி மட்டும் சமவெளியிலிருந்து குன்றின் மேல் சுமார் 200 மீட்டர் உயரத்தில் வெள்ளையடித்து உட்கார்ந்திருக்கிறது, அதற்கு ஏறித்தான் ஆக வேண்டும். உள்ளே அல்பெரொபெல்லோ, லொகோரொத்தொந்தோ போனால் 400 மீட்டருக்கு மேல். கூம்புக் கூரை வீடுகளைப் பார்க்க எல்லோரும் அங்கே போவார்கள். அல்பெரொபெல்லோ எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை, காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு கூட்டம். லொகோரொத்தொந்தோ அமைதி, வெர்தேக்கா திராட்சை கலந்த அதன் வெள்ளை ஒயினும் வெயிலுக்கு நல்லது.

லெச்சேயைச் சுற்றித் தட்டை. கடைசிப் பகுதி, ஓத்ரந்தோவிலிருந்து லெயூகா வரை, கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர், அதுதான் உங்களைச் சோதிக்கும். பெரிய மலை எதுவும் கிடையாது, ஆனால் பாறை விளிம்பில் ஏறி இறங்கி ஏறி இறங்கி முடியவே முடியாது. நிழல் இல்லை. இடது பக்கம் முழுக்கக் கடல். இத்தாலியின் கிழக்கு முனையான பலாஷியா கலங்கரை விளக்கம், கந்தக வாசம் அடிக்கும் சாந்த செசாரியா, காஸ்த்ரோ, அப்புறம் பள்ளத்தாக்கின் மேல் நிற்கும் சியோலோ பாலம். இந்த ஒரு பகுதிக்காகவே உங்கள் இருவரில் ஒருவருக்காவது இ-பைக் எடுங்கள். அங்கே மோட்டார் 250 வாட், 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் உதவாது. ஏற்றத்தில் தள்ளிவிடும், தட்டையில் நீங்கள்தான் மிதிக்க வேண்டும். வீட்டுக்காரர் முதலில் கௌரவம் பார்த்தார். காஸ்த்ரோ ஏற்றத்தில் நான் இ-பைக்கில் முன்னால் போய் இளநீர் இல்லாத ஊரில் எலுமிச்சை சோடா குடித்துக்கொண்டிருந்தேன், அவர் வந்து சேர்ந்ததும் கௌரவம் போய்விட்டது.

காற்றையும் பாருங்கள். வடக்கிலிருந்து அடிப்பது த்ரமொந்தானா, தென்கிழக்கிலிருந்து வருவது ஷிரோக்கோ. வடக்கே ஆரம்பித்துத் தெற்கே போகும் டூர் என்றால் முன்னது முதுகில் தள்ளும். ஷிரோக்கோ வந்தால் நம்ம ஊர் மே மாதப் புழுக்கம், எதிர்க்காற்று வேறு. அன்றைக்குப் பேசாமல் வேனில் ஏறுங்கள், அதற்குத்தான் காசு கொடுத்திருக்கிறோம்.

மாதம்: மே முதல் ஜூன் பாதி, இல்லாவிட்டால் செப்டம்பர் பாதிக்கு மேல் அக்டோபர் பாதி வரை. ஆகஸ்ட்டில் 35 டிகிரிக்கு மேல் போகும், இத்தாலியே கடற்கரையில் குவிந்திருக்கும்.

ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். ப்ரோஷரில் எல்லாப் பக்கமும் பச்சை ஆலிவ் மரமாக இருக்கும். ஒஸ்தூனிக்கும் ஃபசானோவுக்கும் நடுவில் அது உண்மைதான். முறுக்கிப் பிழிந்த தண்டோடு நிற்கும் மிகப் பழைய மரங்கள், 2007-ல் அவற்றைக் காக்கவே அந்த மாநிலம் சட்டம் போட்டது. லெச்சேக்குத் தெற்கே போனால் மைல் கணக்கில் சாம்பல் நிறத்தில் செத்த மரங்கள். ஸைலெல்லா என்ற பாக்டீரியா. 2013-ல் காலிப்போலிப் பக்கம் கண்டுபிடித்தார்கள், சாறு உறிஞ்சும் ஒரு சின்னப் பூச்சி மரத்துக்கு மரம் கொண்டுபோகிறது. மரத்துக்குள் தண்ணீர் ஏறும் குழாயை அடைத்துவிடும், மருந்து இல்லை. லட்சக்கணக்கில் போய்விட்டன. என் தாய்வீடு பொள்ளாச்சிப் பக்கம், அங்கே தென்னையில் வாடல் நோய் வந்து தோப்பு தோப்பாக வெட்டியதைப் பார்த்தவள் நான். அந்த ரோட்டில் எனக்குப் பேச்சு வரவில்லை. கைடு அங்கேதான் ரொம்ப நேரம் பேசினாள். லெச்சீனோ, ஃபவொலோசா என்ற தாங்கும் ரகங்களைப் புதிதாக நட்டிருந்த வயலையும் காட்டினாள். அவள் இல்லாமல் ஓட்டியிருந்தால் ஏதோ காட்டுத்தீ என்று நினைத்துப் போயிருப்பேன்.

நான் பம்ப் வார்ப்படத் தொழிலில் இருப்பவள், அதனால் இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும். புலியாவில் ஆறு என்று சொல்ல ஒன்றும் கிடையாது, சுண்ணாம்புப் பாறை, மழை விழுந்தால் உள்ளே போய்விடும். பக்கத்து மாநிலத்தில் கப்போசேலே என்ற இடத்துச் சுனையிலிருந்து மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டுவந்தார்கள். 1906-ல் வேலை ஆரம்பம், 1915-ல் பாரிக்கு வந்தது. பிரதான வாய்க்கால் சரிவிலேயே ஓடுகிறது, பம்ப் வைத்துத் தள்ளுவதில்லை. தொழில்காரி என்ற முறையில் எனக்கு இது கொஞ்சம் அவமானம்தான். அந்தக் குழாயின் பராமரிப்புப் பாதையில் இப்போது சைக்கிள் ஓட்டலாம், சிஸ்டர்னீனோப் பக்கம் ஒரு பகுதி கல்பாவாத மண் தடம், கார் வராது. அதே குழாய் லெயூகாவில் ஒரு செயற்கை அருவியாக முடிகிறது, 1939-ல் கட்டியது. எப்போதாவதுதான் திறந்துவிடுவார்கள். உங்கள் டூர் இந்தத் தடத்தில் போகிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள்.

சாப்பாடு பற்றி அக்காவுக்குத் தனியாக எழுத வேண்டும், கை வலிக்கிறது. சுருக்கமாக, இத்தாலியிலேயே சைவத்துக்கு நல்ல பக்கம் இதுதான். உலர்ந்த மொச்சை வகையை வேகவைத்து மசித்து, கசப்புக் கீரை வதக்கி, ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தருவார்கள், ஃபாவே எ சிகோரியா. ஏழைகள் சாப்பாடு, எனக்கு அதுவே போதும். லெச்சேயில் சிச்செரி எ த்ரியா, கொண்டைக்கடலையும் பாஸ்தாவும், அதில் கொஞ்சம் பாஸ்தாவைப் பொரித்து மேலே போடுவார்கள். லம்பஷோனி என்ற காட்டுக் கிழங்கு கசக்கும், ஒரு முறை சாப்பிட்டுப் பார்க்கலாம்.

பலெர்மோ_கிச்சன்:

அண்ணை, நான் பலெர்மோவில் இருக்கிறேன், ஊர் யாழ்ப்பாணம். இங்கே உணவகச் சமையலறையில் வேலை. புலியாக்காரர் இரண்டு பேர் என்னோடு நிற்கிறார்கள், அதால் அவையின்ர சமையலும் தெரியும். அக்கா எழுதினது சரி, ஆனால் அண்ணிக்காகச் சில கவனங்கள்.

முட்டை: அந்தப் பக்கத்து ஒரெக்கியெத்தே பாஸ்தா ரவை மாவும் தண்ணீரும் மட்டும்தான். வடக்கு இத்தாலியில்தான் முட்டை போட்டுப் பிசைவார்கள். பாரியின் பழைய நகரத்தில் பெண்கள் வாசலில் மேசை போட்டுக் கையால் உருட்டிக்கொண்டிருப்பார்கள், வடிவாகப் பார்க்கலாம்.

மீன்: அந்த ஒரெக்கியெத்தேயை சீமே தி ராப்பா என்ற கீரையோடு தருவார்கள். பெயரில் கீரை மட்டும் இருக்கும், உள்ளே நெத்தலி கரைந்திருக்கும். "வெஜெதரியானா" என்று சொன்னாலும் அதைப் போட்டுவிடுவார்கள், நெத்தலியை அவை மீன் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே "சென்ட்சா அச்சூகே", நெத்தலி இல்லாமல், என்று தனியாகச் சொல்லவேணும். சூப் என்றால் "ப்ரோதோ வெஜெதாலே?", மரக்கறித் தண்ணீரில் செய்ததோ, என்று கேளுங்கோ.

பன்றிக்கொழுப்பு: இதுதான் முக்கியம். லெச்சேயில் காலையில் எல்லாரும் சாப்பிடுகிற பஸ்தீச்சொத்தோ என்ற பலகாரத்தின் மேல் மாவில் பழைய முறைப்படி ஸ்த்ருத்தோ, அதாவது பன்றிக்கொழுப்பு, உள்ளே முட்டைக் கிரீம். அண்ணி அதைத் தொடக்கூடாது. அதுக்குப் பதிலாகக் கோதொஞ்ஞாத்தா என்று ஒன்று, பழமும் சீனியும் சேர்த்துக் கட்டியாகக் காய்ச்சுவது. புலியாவின் தரல்லி என்ற மொறுமொறு வளையப் பலகாரத்தில் ஆலிவ் எண்ணெய்தான் வரும், ஆனால் பிசையும்போது வெள்ளை ஒயினும் ஊற்றுவார்கள். அண்ணிக்கு அது சரிவருமோ தெரியாது, கேளுங்கோ.

பாலாடைக்கட்டி: புர்ராத்தா, கச்சொகவல்லோ எல்லாம் பெரும்பாலும் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கிற உறைபொருளால் செய்வது. கண்டிப்பான சைவம் என்றால் "காலியோ வெஜெதாலே", தாவர உறைபொருள், என்று கேட்டு வாங்கவேணும். பன்செரொத்தி, அதாவது மாவுக்குள்ள உள்ளடக்கம் வைத்து மடித்தது, பொரிக்கிற எண்ணெயிலேயே இறைச்சி வைத்ததையும் பொரிப்பார்கள்.

பயப்படவேண்டாம். கடைக்காரரிடம் முதலே சொன்னால் நல்லாச் செய்து தருவினம். மத்தியானம் இரண்டரைக்குப் பிறகு குசினி பூட்டிவிடும், இரவு எட்டுக்கு முன்னம் திறக்காது. நடுவில் சைக்கிளில் பசி வந்தால் ஒன்றும் கிடைக்காது. ஃபோகாச்சா ரொட்டித் துண்டு ஒன்றைப் பையில் வைத்திருங்கோ.

தனிவழி:

கைடுக்கு எதிராக ஒரு குரல். நான் ஜெர்மனியில் இருக்கிறேன், மே மாதத்தில் நண்பர்களோடு அந்தப் பக்கம் ஓட்டினேன், யாரையும் வைத்துக்கொள்ளவில்லை. கோவை அக்கா சொன்ன கதவு எல்லாம் மெயில் போட்டால் திறக்கும். பாரிக்கும் லெச்சேக்கும் நடுவில் வட்டார ரயில் கடலோர ஊர்களைத் தொட்டுப் போகிறது. சைக்கிளையும் அதில் ஏற்றலாம். களைத்தால் ஏறிவிடலாம், வேன் எதற்கு? லெச்சேக்குத் தெற்கே ஓடுவது வேறு நிறுவனத்தின் சின்ன ரயில், ஞாயிறு அன்று அதை நம்பாதீர்கள். ஊருக்கு வெளியே இருட்டிய பிறகும் சுரங்கப் பாதையிலும் பளிச்சென்ற மேல்சட்டை கட்டாயம், அதை மறக்க வேண்டாம். மிச்சப் பணத்தில் நல்ல பாட்டில் வாங்குங்கள்.

பீப்பாய்:

கோவை_கியர் அக்காவுக்கு ஒரு குறிப்பு, வம்பு இல்லை. ஒயினைத் தெளியவைக்க முட்டை வெள்ளை, பால் புரதம், மீன் பசை எல்லாம் சேர்ப்பது உண்டு. ஐரோப்பாவில் 2012 முதல் முட்டை, பால் எச்சம் இருந்தால் லேபிளில் போட வேண்டும், மீன் பசைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சைவம் பார்ப்பவர்கள் "வேகன்" முத்திரை உள்ளதையோ, வடிகட்டாத, தெளியவைக்காத ஒயினையோ கேட்டு வாங்கலாம்.

கோவை_கியர்:

பீப்பாய், அந்தக் குனிந்து அறுத்த தாத்தாவின் ஒயின் சேறு மாதிரி கலங்கியிருந்தது, அதனால் நான் தப்பித்தேன். மற்ற பாட்டில்களைப் பற்றி இனிமேல் என்னிடம் பேசாதீர்கள்.

தனிவழி, நீங்கள் போனது மே. அறுவடை நேரத்தில் மெயில் போட்டுப் பாருங்கள், பொங்கலுக்குப் பிறகுதான் பதில் வரும். இத்தாலி மொழி தெரிந்த, நாலு பேராகப் போகிற, 30 வயதுக்காரர்களுக்கு உங்கள் வழி சரி. டபுள்ஸ் அண்ணா கேட்டது மனைவி பட்டினி கிடக்கக் கூடாது என்று. நெத்தலி விஷயத்தை ஒவ்வொரு கடையிலும் அவரே மொழி தெரியாமல் விளக்கிக்கொண்டிருந்தால் எப்போது சாப்பிடுவது?

திருவான்மியூர்_டபுள்ஸ்:

எல்லோருக்கும் நன்றி. மனைவியும் கூடவே உட்கார்ந்து படித்தாள். மொச்சை மசியல் என்றதும் முகம் மாறியது, நல்ல விதமாக. தரல்லியில் ஒயினா என்று கேட்டுவிட்டு, அடுப்பில் வெந்தால் பரவாயில்லை என்று அவளே தீர்ப்பும் சொல்லிவிட்டாள். பாரியிலிருந்து ஒஸ்தூனி வரை நாங்களாக, அதற்குப் பிறகு ஒயின் பகுதிக்கும் ஓத்ரந்தோ ஏற்றங்களுக்கும் மட்டும் கைடு என்று கலந்து செய்ய முடியுமா? அப்புறம், சொந்த சைக்கிளைக் கொண்டுபோவதா, அங்கே வாடகையா?

கோவை_கியர்:

அது நல்ல கணக்கு. பெட்டி நகர்த்தித் தரும் கம்பெனியிடமே தெற்குப் பகுதிக்கு உள்ளூர் சைக்கிள் கைடை நாள் கூலிக்கு ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள், பலர் செய்து தருகிறார்கள். அறுவடை நேரம் என்றால் இப்போதே பேசி வையுங்கள். சாப்பாட்டுக் கட்டுப்பாட்டை எழுத்தில் கொடுங்கள், பலெர்மோ தம்பி சொன்ன நெத்தலி, கொழுப்பு, உறைபொருள் மூன்றையும் சேர்த்து.

சைக்கிள் அங்கேயே வாடகை. இ-பைக் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். சாதா சைக்கிளைப் பெட்டி கட்டித் தூக்குவதும் இந்தத் தூரத்துக்கு வீண் வேலை. ஆனால் உங்கள் சீட்டையும் பெடலையும் கழற்றி எடுத்துப் போங்கள், ஈசிஆரில் பழகிய சீட்டு இல்லாவிட்டால் மூன்றாம் நாள் உட்கார முடியாது. 15 எம்எம் ஸ்பேனரைச் செக்-இன் பெட்டியில் போடுங்கள், கைப்பையில் இருந்தால் ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொள்வார்கள். இடது பெடல் மரை எதிர்ப்பக்கம் சுற்றும், அதையும் வீட்டுக்காரர்களுக்குச் சொல்லிவைப்பது நல்லது.